கரி எடுத்த குழிக்கு மேல் என்ன வர வேண்டும்? நெய்வேலிச் சுற்றுவட்டாரத்துக்கு ஒரு ஒப்பீடு

சுரங்கத்துக்கு நிலம் கேட்டு வரும்போது நம் ஊர்ப் பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்வியோடு நின்றுவிடுகிறது. ஏக்கருக்கு எவ்வளவு? வீட்டுக்கு ஒரு வேலை உண்டா? இரண்டும் நியாயமான கேள்விகள்தான். பிழைப்பை விட்டுக்கொடுப்பவர் அவற்றைத்தான் முதலில் கேட்பார். ஆனால் கரி எடுத்து முடித்த பிறகு அந்த இடம் என்னவாக இருக்கப்போகிறது என்று யாரும் அழுத்திக் கேட்பதில்லை. அது முப்பது வருடம் கழித்து வரும் சங்கதி, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். முதல் டிப்பர் மேல்மண்ணை அள்ளும் அன்றைக்கே அதற்கான பதிலில் பாதி முடிவாகிவிடுகிறது என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது.

கம்மாபுரம், குறிஞ்சிப்பாடி, சேத்தியாத்தோப்பு, புவனகிரி பக்கத்து ஊராட்சிக்காரர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். தோண்டிய நிலத்தைத் திரும்ப வயலாக்குவது, காடாக்குவது, ஏரியாக விடுவது, சூரியமின் தகடுகள் போடுவது என்று நான்கு வழிகள் பொதுவாகப் பேசப்படுகின்றன. எந்த இடத்துக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று பார்ப்போம்.

முதலில் குழியின் கணக்கு

1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அங்கிருந்துதான் கதை தொடங்குகிறது. 1956-இல் பழுப்பு நிலக்கரி எடுப்பதற்கான நெய்வேலி நிறுவனம் (என்.எல்.சி.) பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-இல் கரிப்படுகை வெளியே தெரிந்தது. படுகையின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். சராசரியாக 15 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் மேல் ஏறக்குறைய 50 முதல் 100 மீட்டர் வரை செம்மண், களிமண், கடலூர் மணற்கல் என்று அடுக்கடுக்காகக் கிடக்கிறது. கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கிற ஊற்றுநீர். அதை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுரங்கத்தின் தரையே மேலெழும்பி உடைந்துவிடும்.

தென்னங்கன்றுக்குக் குழி வெட்டியவர்களுக்குத் தெரியும், எடுத்த மண்ணையே திரும்பத் தள்ளினாலும் குழி நிறைந்து மேடு தட்டும். சுரங்கத்திலும் மண் அப்படித்தான் உப்புகிறது. 75 மீட்டர் மேலடுக்கைத் தோண்டிக் கொட்டும்போது ஐந்தில் ஒரு பங்கு உப்பினால் அது 90 மீட்டராகும். வெளியேறிய 15 மீட்டர் கரியின் இடத்தையும் அதுவே அடைத்துவிடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடம் அமுங்கும்.

அப்படியானால் கடைசியில் ஏன் பெரிய பள்ளம் ஒன்று மிஞ்சுகிறது? முதன்முதலில் வெட்டும்போது அந்த மண்ணைக் கொட்டச் சுரங்கத்துக்குள் இடம் கிடையாது. அதனால் வெளியே மலைபோல் குவிக்கிறார்கள். அடுத்த வெட்டின் மண் முதல் வெட்டின் பள்ளத்துக்குள் போகும். அதற்கடுத்தது இரண்டாவதுக்குள். இப்படிப் பள்ளம் நகர்ந்துகொண்டே போய், கடைசி வெட்டில் நிற்கும்போது அதை மூட மண் இருக்காது. அதற்குரிய மண் தொடக்கத்தில் கொட்டிய மேட்டில் இருக்கிறது, பல கிலோமீட்டர் தள்ளி. அதைத் திரும்பக் கொண்டுவருவது பெருஞ்செலவு என்பதால் பெரும்பாலும் எங்கும் செய்வதில்லை.

ஆக, சுரங்கம் நமக்கு விட்டுப்போவது மூன்று வகை நிலம்: வெளியே குவித்த மண்மேடு, உள்ளே நிரப்பிச் சமன்படுத்திய பரப்பு, கடைசிப் பள்ளம். மூன்றின் குணமும் வேறு வேறு. மொத்தத்துக்கும் ஒரே பதிலாகக் 'காடு வளர்ப்போம்' என்றோ 'ஏரி வரும்' என்றோ யார் சொன்னாலும் இந்த மூன்றில் எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

மேல்மண்: மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும் முடிவு

பயிர் வளர்வது மேலே உள்ள ஒரு முழத்துக்கும் குறைவான மண்ணில். தலைமுறை தலைமுறையாக எருவும் வண்டலும் சேர்ந்து, மண்புழுவும் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையும் குடியிருக்கும் மண் அது. அதற்குக் கீழே உள்ள எழுபது எண்பது மீட்டரும் பயிரைப் பொறுத்தவரை வெறும் கனம். சுரங்கத் திட்டத்தில் மேல்மண்ணை மூன்று விதமாகக் கையாளலாம்.

முதல் வழி, பிரிக்காமலே விடுவது. சக்கரத்தில் வாளிகள் கட்டிய பக்கெட் வீல் இயந்திரம் பல மீட்டர் உயரச் சுவரை மேலிருந்து கீழ் வரை வழித்து, எல்லாவற்றையும் ஒரே கன்வேயரில் போடும். மேல்மண் அதில் எங்கே போனதென்று தெரியாது. இயந்திரம் பெரிது, வேகம் அதிகம், டன்னுக்கு ஆகும் செலவு குறைவு. ஆனால் பிறகு அந்த நிலத்தில் வயல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது, இயந்திரம் வருவதற்கு முன்பே டோசரையும் டிப்பரையும் வைத்து மேல்மண்ணைத் தனியாகச் சுரண்டி எடுத்து ஓரிடத்தில் குவித்து வைப்பது. சுற்றுச்சூழல் அனுமதிகளில் வழக்கமாக விதிக்கப்படும் நிபந்தனை இதுதான். தாளில் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் உயரமாகக் குவித்தால் உள்ளே காற்று போகாது. உயிர்கள் ஒவ்வொன்றாகச் சாகும். மழையில் பாதி கரையும். பத்து வருடம் குவிந்து கிடந்த மேல்மண் பெயரளவில்தான் மேல்மண். குவியலைத் தாழ்வாக, அகலமாக வைத்து, மேலே கொளுஞ்சியோ சணப்போ விதைத்து மூடி, சில வருடத்துக்குள் பயன்படுத்திவிட்டால் சேதம் குறையும்.

மூன்றாவது, இங்கே சுரண்டிய மேல்மண்ணை அதே பருவத்தில் அங்கே நிரப்பி முடித்த பரப்பின் மேல் நேரடியாகப் பரப்புவது. ஒரே தடவை ஏற்றி இறக்கினால் போதும். மண்ணின் உயிர் அதிகம் காப்பாற்றப்படும். வேலைத் திட்டம்தான் கடினம்: முன்பக்கம் வெட்டு நகரும் வேகமும் பின்பக்கம் நிரப்பு முடியும் வேகமும் ஒத்துப்போக வேண்டும். மழைக்காலத்தில் டிப்பர் ஓட்டினால் மண் கெட்டிப்பட்டுவிடும் என்பதால் நம் பக்கத்தில் தை முதல் புரட்டாசி வரைதான் இதற்குக் காலம். என் தேர்வு தயக்கமில்லாமல் இந்த மூன்றாவதுதான். முதல் வெட்டின் மேல்மண்ணுக்கு மட்டும், வேறு வழியில்லாததால், இரண்டாவது.

நடுவில் இயந்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கெட் வீல், கன்வேயர், மண்ணைப் பரப்பும் ஸ்பிரெடர் கூட்டணி மண்ணைப் பொலபொலவென்று கொட்டும். எந்த அடுக்கு எங்கே விழ வேண்டும் என்று பொறுக்கிப் போடுவது கடினம். ஷவல், டிப்பர் முறையில் ஒவ்வொரு லோடையும் வேண்டிய இடத்தில் போடலாம். ஆனால் டயர் ஏறி இறங்கி நிலம் பாறையாகிவிடும். அடியாழத்துக் களியைக் கொண்டுவந்து மேலே கொட்டிவிட்டால், அதில் கந்தகம் கலந்த இரும்புத்தாது இருந்தால், காற்றும் மழையும் பட்டுப் புளிப்பேறும். ஆகவே எந்தப் படியின் மண் மேலே வரப்போகிறது என்பதைத் திட்டத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

வயல்: முடியும், ஆனால் எந்த வயல்?

'தோண்டிய இடத்தில் இனி ஒன்றும் விளையாது' என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. ஜெர்மனியின் ரைன் பகுதியும் நம்மைப்போலப் பழுப்பு நிலக்கரி பூமி, நம்மிடம் ஓடும் அதே வகை பக்கெட் வீல்கள். அங்கே நிரப்பிய பரப்பின் மேல் சுமார் 2 மீட்டர் தடிமனுக்கு நல்ல வண்டல் மண்ணைப் பரப்புகிறார்கள். பிறகு உடனே விவசாயியிடம் கொடுப்பதில்லை. ஏழு வருடம் சுரங்க நிறுவனமே தன் செலவில் அதில் பயிர் செய்ய வேண்டும். முதல் மூன்று வருடம் குதிரைமசால் மட்டும். அதன் வேர் ஆழமாக இறங்கி மண்ணைத் திறந்துவிடும், தழைச்சத்தும் சேரும். அதற்குப் பிறகுதான் தானியம். அமெரிக்காவில் 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முதல்தர விவசாய நிலத்தைத் தோண்டினால் குறைந்தது மூன்று பயிர் ஆண்டுகள் விளைச்சலை அளந்து காட்டிய பிறகே நிறுவனம் கட்டிய பிணைத்தொகை முழுதும் விடுபடும். இரண்டு நாட்டிலும் பச்சையாகத் தெரிந்தால் போதும் என்று விடவில்லை, விளைச்சலைக் கேட்கிறார்கள்.

ஆனால் ரைன்காரர்கள் போடுவது கோதுமையும் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கும். நாம் போடுவது சம்பா நெல். இங்கேதான் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கோதுமைக்கு மண் ஆழமாகப் பொலபொலவென்று இருக்க வேண்டும். நெல்லுக்கோ, மேலே சேறும் கீழே தண்ணீரைத் தாங்கும் அடிக்கெட்டியும் வேண்டும். நூறு இருநூறு வருடம் தொழி உழுது உழுது உண்டான அந்த அடிக்கெட்டியைச் சுரங்கம் உடைத்துவிட்டால் திரும்ப உண்டாக்குவது மேல்மண்ணைப் பரப்புவதைவிடக் கடினம்.

இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். அடியும் மூடியும் வெட்டிய ஒரு பெரிய தகர டப்பாவை நான்கு விரற்கடை ஆழம் நிலத்தில் இறக்கி, ஒரே அளவு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நடவு வயலில் தண்ணீர் அசையாமல் நிற்கும். காலையில் ஊற்றினது மாலையில் பார்த்தால் விரலகலம்கூட இறங்கியிருக்காது. மணல் கலந்த நிரப்பு மண்ணில் ஊற்றிவிட்டு நிமிர்வதற்குள் பாதி போயிருக்கும். களி மிகுந்த நிரப்பு மண்ணில் இன்னொரு வேடிக்கை நடக்கும்: மேலே ஓடு கட்டித் தண்ணீர் நிற்கும், ஓட்டை உடைத்துப் பார்த்தால் அடியில் மண் காய்ந்து கிடக்கும். மணல் நிரப்பில் நாற்று காய்ந்து சாகும், களி நிரப்பில் வேர் மூச்சு முட்டிச் சாகும்.

இன்னொரு சிக்கல் அமுங்குதல். 80, 90 மீட்டர் நிரப்பு ஒரே சீராக அமுங்காது. இந்த வருடம் மட்டமடித்த வயலில் அடுத்த வருடம் ஒரு மூலை இறங்கி நிற்கும். நெல்லுக்கு மட்டம் தவறினால் ஒரு பக்கம் மூழ்கும், மறுபக்கம் களை மண்டும்.

அதனால் உள்நிரப்புப் பரப்பில் முதல் பத்து வருடத்துக்கு நெல் வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் கொளுஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டு போட்டு மடக்கி உழ வேண்டும். அப்புறம் கம்பு, கேழ்வரகு, உளுந்து. மண் மணற்பாங்காக இருந்தால் வேர்க்கடலை, மரவள்ளி. பழுப்பு நிலக்கரியிலிருந்தே எடுக்கும் ஹியூமிக் அமிலம் இந்த மாதிரி மண்ணுக்கு உதவும். ஆனால் எருவுக்கு அது மாற்று கிடையாது. நம்மிடம் இன்னொரு வசதியும் இருக்கிறது. பெருமாள் ஏரி, வாலாஜா ஏரி எல்லாம் தூர்வாரும்போது வரும் வண்டல், நிரப்புப் பரப்புக்குப் போக வேண்டிய பொருள். ஏரியில் வண்டல் எடுத்து வயலில் அடிப்பது நமக்குப் பழகிய வேலைதான், இதற்கென்று வெளிநாட்டுத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

மண் சரியானாலும் பட்டா என்று ஒன்று இருக்கிறது. குறிஞ்சிப்பாடி பக்கத்துப் பெரியவர் ஒருவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாதி விளைஞ்சாலும் பரவாயில்ல தம்பி, பட்டா யார் பேர்ல இருக்கும்?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத எந்த வயல் திட்டமும் முழுமையானதில்லை. நிலம் நிறுவனத்தின் பேரிலேயே இருந்து, கூலிக்கு ஆள் வைத்துக் கத்தரிக்காய் போடுவதை விவசாயத்தை மீட்டதாக ஏற்க முடியாது. நிலம் கொடுத்த குடும்பங்களுக்கோ அவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கோ நீண்ட காலக் குத்தகை, அல்லது திருப்பி எழுதித் தருவது, இரண்டில் ஒன்றைக் கையெழுத்துப் போடும்போதே கேட்க வேண்டும்.

காடு: வெளிமேட்டுக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது

வெளியே குவித்த மண்மேட்டின் முதல் எதிரி ஐப்பசி மழை. சரிவில் விரல் அகலத்தில் தொடங்கும் நீர்க்கோடு, கார்த்திகை முடிவதற்குள் ஆள் இறங்கி நிற்கும் ஓடையாகிவிடும். கரைந்த மண் செங்கால் ஓடை வழியாகக் கீழே உள்ள ஏரிகளில் சேரும். கடலூர் மாவட்டத்தின் மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் கொட்டுவது. 2015 நவம்பரில் அது எப்படிக் கொட்டியது என்பதைக் குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி ஊர்கள் மறக்கவில்லை. அதனால் வெளிமேட்டில் மரம் நடுவது மேட்டின் நன்மைக்கு மட்டும் இல்லை, கீழே உள்ள ஆயக்கட்டுக்கும் சேர்த்துத்தான்.

எந்த மரம் என்பதில்தான் நான் மாறுபடுகிறேன். கணக்கு காட்ட வேகமாக வளரும் தைலமும் சவுக்கும் ஒரே வரிசையாக நடுவது எளிது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் நமக்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஆரோவில் 1968-இல் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் ஓடை ஓடையாக அரித்த செம்மண் பொட்டல். அதுவும் நம் கடலூர் மணற்கல் அடுக்கின் தொடர்ச்சிதான். அங்கே முதலில் செய்தது வரப்பு போட்டு மழைநீரை ஓடவிடாமல் நிறுத்தியது. பிறகு வறட்சி தாங்கும் முன்னோடி மரங்கள். அவற்றின் நிழலில் பாலை, இலுப்பை, உசில், கருங்காலி, வெப்பாலை என்று இந்தக் கரையோரத்துக்கே உரிய பசுமாறாக் காட்டின் மரங்கள். விதை எங்கே கிடைத்தது? புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு மாதிரி மிஞ்சியிருக்கும் கோயில் காடுகள்தான் இந்த மரங்களுக்கு விதைவீடு.

நம் பக்கத்தில் காட்டுக்கும் வயலுக்கும் இடையில் மூன்றாவது ஒன்றும் உண்டு: முந்திரி. பண்ருட்டிச் செம்மண்ணில் வளர்கிற முந்திரிக்குச் சத்துக் குறைந்த மண் புதிதில்லை. சரிவு குறைந்த மேட்டுப் படிகளில் முந்திரியும், இடையில் பலாவும் வைத்தால் மண்ணும் நிற்கும், ஐந்தாறு வருடத்தில் குடும்பத்துக்கு வருமானமும் வரும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் முந்திரித் தோப்புகளை என்ன செய்தது என்பதை நினைவில் வைத்து, மேட்டின் உச்சியில் மட்டும் முந்திரி வேண்டாம். அங்கே காற்றைத் தாங்கும் நாட்டு மரங்கள் இருக்கட்டும்.

காட்டுக்கு மண் கெட்டிப்படக் கூடாது. டோசரை ஓட்டி மேசைபோல் வழித்துவிட்டு மரம் நட்டால் வேர் சட்டியில் வைத்த செடிபோலச் சுருண்டுவிடும். மேல் நாலடி மண்ணைக் கொட்டியபடியே விட்டால் பார்க்க அலங்கோலமாக இருக்கும், மரம் நன்றாக இருக்கும்.

சுரங்கம் முடிந்த இடத்தில் புல்லாவது வளர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொன்ன உத்தரவும் இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தை இழந்த ஊர்களுக்கு அது உதவும். நிறுத்திக்கொள்ள வேண்டிய எல்லை அது இல்லை.

ஏரி: கேட்க இனிமை, செய்யக் கவனம்

கடைசிப் பள்ளத்துக்கு ஏரியைத் தவிர வேறு பெரிய வழி இல்லை. தண்ணீருக்கு அலையும் மாவட்டத்தில் ஏரி என்றால் யாருக்குத்தான் கசக்கும்? கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் செனஃப்டன்பெர்க் சுரங்கப் பள்ளத்தை 1967-இல் நிரப்பத் தொடங்கி, 1970-களில் மக்கள் குளிக்கும் ஏரியாக்கினார்கள். அந்த வெற்றியை மட்டும் காட்டிப் படம் போடுவார்கள். அதே நாட்டின் நாக்டர்ஷ்டெட் ஊரில் 2009 ஜூலையில், நிரம்பிக்கொண்டிருந்த சுரங்க ஏரியின் கரை சரிந்து வீடுகளை இழுத்துக்கொண்டு போனது. மூன்று பேர் இறந்தார்கள். கொட்டிய மண்ணாலான கரை, நீர் ஏறும்போது ஊறி, தாங்கும் பலத்தை இழக்கும். லவுசிட்ஸின் பல ஏரிகளில் தண்ணீர் புளிப்பேறி, படகில் சுண்ணாம்பு ஏற்றிப்போய்க் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்ப்ரீ ஆறு சில இடங்களில் இரும்புத் துரு கலந்து பழுப்பாக ஓடுகிறது.

நமக்கென்று இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இன்றைக்குச் சுரங்கத்திலிருந்து இறைக்கும் நீரில் ஒரு பகுதி வாலாஜா, பெருமாள் ஏரிகளுக்குப் போய்ப் பாசனமாகிறது. சுரங்கம் மூடினால் இறைப்பும் நிற்கும். அன்றைக்கு அந்த ஆயக்கட்டுக்கு எங்கிருந்து தண்ணீர்? சுற்றியுள்ள ஊர்களில் நிலத்தடி நீர் கீழே போய்விட்டதென்ற குறையும், சுரங்க நீரை நம்பி நடக்கும் பாசனமும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே இறைப்புதான் காரணம். அடியூற்று பழைய அழுத்தத்துக்குத் திரும்பத் தண்ணீர் வேண்டும், பரவனாற்றின் உபரியையும் சேர்த்துப் புதுப் பள்ளம் நிரம்ப வேண்டும், கீழே உள்ள ஏரிகளுக்கும் வேண்டும். இந்த மூன்றுக்கும் இடையே பங்கு என்ன என்று நீர்க்கணக்கு போடாத ஏரித் திட்டத்தை நம்ப வேண்டாம்.

ஏரிதான் வேண்டும் என்றால் கேட்க வேண்டியவை: கரைச்சரிவைச் சுரங்கம் ஓடும்போதே சாய்வாக வெட்டுவது, கரையோரம் ஆழமில்லாத படி விடுவது, நிரம்பி முடியும் வரை வீடும் சாலையும் தள்ளியே இருப்பது, தண்ணீரின் புளிப்பை வருடாவருடம் அளந்து ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுவது. படகுச் சவாரி எல்லாம் அதற்கு அப்புறம்.

சூரியமின் பண்ணை

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் போதும், நெய்வேலியில் மின்தொடர் வசதி ஏற்கெனவே இருக்கிறது, மண் வளம் தேவையே இல்லை. நிறுவனத்துக்கு இதைவிடச் சுலபமான மீட்பு கிடையாது. நமக்கு? தகடு துடைக்கவும் காவல் காக்கவும் ஆள் போதும், வேலை குறைவு. நிலம் இன்னும் இருபத்தைந்து வருடம் வேலிக்குள். அமுங்கும் மண்ணில் தூண்கள் சாயும் சிக்கலும் உண்டு. எதற்கும் உதவாத, மேல்மண் கிடைக்காத பழைய பரப்புகளில் தாராளமாகப் போடட்டும். வயலாகக்கூடிய பரப்பில் வேண்டாம்.

தோண்டாமல் விடுவதும் ஒரு வழிதான்

நான்கு வழியையும் பேசும்போது ஐந்தாவது ஒன்று மறைந்துவிடுகிறது. புதுச்சேரியின் பாகூரில் பழுப்பு நிலக்கரி இருப்பது 1880-களிலேயே பிரெஞ்சுக்காரர்களுக்குத் தெரியும். அரசுக் கணக்கில் அங்கே 41 கோடி டன்னுக்கும் மேல். அதன் மேலே இருப்பது புதுச்சேரியின் நெற்களஞ்சியம், பாகூர் ஏரியின் பாசனம். மேலே சொன்ன அடிக்கெட்டிச் சங்கதியை வைத்துப் பார்த்தால், ஏரிப்பாசன நெல்வயலைத் தோண்டிவிட்டு அதே தரத்தில் திருப்பித் தருவதாக யார் சொன்னாலும் ஏற்பது கடினம். பாகூர் வயல் வயலாகவே இருக்க வேண்டும்.

சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே இருந்த வட்டாரத்தை 2023 ஏப்ரலில் மத்திய அரசு நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2020-ஆம் ஆண்டு வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுமன்னார்கோயில், புவனகிரி பக்கத்து ஒன்றியங்களும் இருக்கின்றன. ஆனால் ஏற்கெனவே கையகப்படுத்தி முடித்த நிலங்களின் கதை வேறு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, நின்ற பயிர் மேல் இயந்திரம் ஏறியதை மாநிலமே பார்த்தது. நிலம் எடுத்த தேதிக்கும் வேலை தொடங்கும் தேதிக்கும் நடுவில் பல வருடம் போகிறது. அந்த இடைவெளியில் பயிர் வைப்பது யார் உரிமை, எத்தனை மாத முன்னறிவிப்பு என்பதும் திட்டத்தில் இருந்திருக்க வேண்டிய விஷயம்தான்.

என் தேர்வும், கேட்க வேண்டிய இடமும்

ஏரிப்பாசன நெல்நிலம் என்றால் தோண்டக் கூடாது. மானாவாரி, முந்திரி நிலமாக இருந்து தோண்டித்தான் தீர வேண்டும் என்றால்: உள்நிரப்பில் நேரடியாக மேல்மண் பரப்பி, நிறுவனச் செலவில் ஏழு வருடம் பசுந்தாளும் புன்செய்ப் பயிரும் போட்டு, விளைச்சலை அளந்த பிறகு குடும்பங்களிடம் கொடுப்பது, வெளிமேட்டில் நாட்டுக் காடும் தாழ்ந்த படிகளில் முந்திரியும், கடைசிப் பள்ளத்தில் கரை உறுதி செய்த ஏரி, மிச்சத்தில் சூரியமின். செலவு கூடும். அதைத் தாங்க வழி இருக்கிறது. நிலக்கரி அமைச்சகத்தின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படியே திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய், அன்றைய விலையில், மூடல் செலவுக்கென்று தனிக் கணக்கில் கட்ட வேண்டியிருந்தது. ஏக்கருக்குச் சுமார் 2 லட்சத்து 43 ஆயிரம். பிற்பாடு விதிகள் திருத்தப்பட்டுள்ளன, அடிப்படை மாறவில்லை. சுரங்கம் ஓடும்போதே செய்யும் மீட்பு வேலைக்கு இந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் திரும்ப எடுக்கலாம். எந்தப் பரப்பில் என்ன செய்ததாகச் சொல்லி எவ்வளவு எடுத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

முக்கியமான இடம் கருத்துக்கேட்புக் கூட்டம். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வர வேண்டும், திட்டச் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். அந்த 30 நாளுக்குள் ஊராட்சியில் உட்கார்ந்து, சுருக்கத்தில் நான்கு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: மேல்மண் எத்தனை கன மீட்டர், எங்கே, எத்தனை வருடம் வைக்கப்படும், எந்த வருடம் எந்தப் பரப்பு நிரம்பி முடியும் என்ற வரைபடம், சுரங்கம் மூடிய பிறகு ஏரிகளுக்கான நீர்க்கணக்கு, நிரப்பிய நிலம் யார் பேரில் இருக்கும். இல்லாததை மேடையில் பேசுவதோடு விடாமல், கூட்டத்துக்கு முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.